புதுச் சமையலறை அலமாரியில் பெயிண்ட் உரிந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இராயக்கோட்டை சாலைப் பக்கம் வீடு கட்டி, ஆவணி மாதத்தில் குடிபுகுந்தோம். சமையலறை வேலையைப் பெங்களூரிலுள்ள ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். பெட்டிகளைப் பிளைவுட்டிலும், கதவுகளை எம்.டி.எஃப். பலகையில் வெள்ளை நிறத்தில் பளபளப்பில்லாத மேட் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அடித்தும் செய்து தந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டதால், அலமாரிகளைப் பொருத்திய பிறகுதான் கிரானைட் மேடை வேலைக்காரர்களும், சுவருக்குக் கடைசிக் கோட்டு அடித்த பெயிண்டர்களும் உள்ளே வேலை செய்தார்கள். இப்போது கீழ்வரிசைக் கதவுகள் இரண்டில் ஓரம் பெயர்ந்திருக்கிறது. சுவர் பெயிண்டர் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது, ஒரு கதவில் விரல் அகலத்துக்குப் பெயிண்ட் தோலாக உரிந்து வந்துவிட்டது. சிங்க்குக்குக் கீழே உள்ள கதவின் அடிப்பாகம் உப்பி நிற்கிறது. நிறுவனத்தார் ஒரு பையனை அனுப்பினார்கள். அவர் சிறிய பாட்டிலில் பெயிண்ட் கொண்டுவந்து பிரஷ்ஷால் தொட்டு வைத்துவிட்டுப் போனார். அந்த இடங்கள் திட்டுத் திட்டாகத் தனியே தெரிகின்றன. ‘இது புழங்கியதால் வந்த சேதம், எங்கள் பொறுப்பில்லை’ என்று சொல்லிக்கொண்டே பாக்கித் தொகையையும் கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஒரு சேதம் அன்று. காரணமும் பொறுப்பும் வெவ்வேறான மூன்று சேதங்களும், அவற்றின் மேல் நடந்த ஓர் அரைகுறைப் பழுதுபார்ப்பும் அதில் இருக்கின்றன. நிறுவனத்தார் எல்லாவற்றையும் ‘புழங்கியதால் வந்தது’ என்ற ஒரே வாக்கியத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். கோபத்தில் இருக்கும் எந்த வீட்டுக்காரரும் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டப் பார்ப்பார். இரண்டு வாதமும் கடைசி வரை நிற்காது. ஆகவே ஒவ்வொரு கதவையும் தனித்தனியே பார்த்து, எது பட்டறையில் வந்த குறை, எது உங்கள் வீட்டில் பட்ட அடி என்று பிரித்து எழுதிக்கொண்ட பிறகே அவர்களோடு பேச உட்காருங்கள். அதுவரை எந்தக் கதவிலும் யாரையும் பிரஷ் வைக்க விட வேண்டாம்.

மூன்றில் உங்கள் பக்கம் மிக வலுவாக இருப்பது டேப்போடு உரிந்து வந்த இடம். முறையாக அடித்து முறையாக இறுகிய பி.யூ. பெயிண்ட்டை மாஸ்கிங் டேப்பால் உரிக்க முடியாது; எளிதில் எடுப்பதற்கென்றே அந்த டேப்பில் மென்மையான பசை வைத்திருக்கிறார்கள். காய்ச்சி ஆறிய பாலின் ஏடு போலப் பெயிண்ட் அப்படியே எழுந்து வருகிறதென்றால், அது தனக்கு அடியில் இருந்த பிரைமர் என்ற அடிப்பூச்சையோ பலகையையோ பிடிக்கவே இல்லை என்று பொருள். பிரைமர் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்காமல் மேல் கோட்டு அடித்திருக்கலாம். தேய்த்த தூசியைத் துடைக்காமல் விட்டிருக்கலாம். பலகையில் எண்ணெயோ மெழுகோ சிலிகானோ பட்டிருக்கலாம். பெயிண்ட்டை இறுக வைக்கும் ஹார்டனரை அளவு குறைத்துக் கலந்திருக்கலாம். இன்னொரு காரணத்தையும் உங்கள் கடிதம் தானாகவே சொல்கிறது. ஆடியில் யாரும் குடிபுகுவதில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு எல்லா வீட்டு வேலைகளும் ஆடியிலேயே முடிந்தாக வேண்டும் என்பதால், பட்டறைகள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிற மாதம் அது. பெங்களூரில் அது மழைக்காலமும்கூட. பி.யூ. பெயிண்ட்டின் ஹார்டனர் ஈரத்தோடும் வினைபுரியக்கூடியது. ஈரப்பதம் மிகுந்த நாளில் அவசரமாக அடித்து, இறுகுவதற்கு முன்பே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றினால் படலம் பலவீனமாகத்தான் இருக்கும். இவற்றில் எது நடந்திருந்தாலும் அது பட்டறையின் குறையே தவிர, உங்கள் புழக்கம் அன்று. சுவர் பெயிண்டர் மாஸ்கிங் டேப்புக்குப் பதில் பழுப்பு நிறப் பார்சல் டேப்பை ஒட்டியிருந்தாலோ, டேப்பை வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தாலோ மட்டும் நிறுவனத்தார் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகையால் எந்த டேப், எத்தனை நாள் இருந்தது என்பதை அந்தப் பெயிண்டரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிந்த படலத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால், அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பின்புறம் வழவழப்பாக இருந்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே பிடிப்பில்லை. மாவு போன்ற வெண்தூள் ஒட்டியிருந்தால் தேய்த்த தூசியின் மேலேயே அடித்திருக்கிறார்கள். பழுப்பு நிற நார் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடித்திருக்கிறது, பலகையின் மேல்தளமே பிய்ந்திருக்கிறது. கடைசி வகை, பலகையின் தரத்தைப் பற்றிய கேள்வி. அந்தப் படலத்தை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிடுங்கள்.

குறை அந்த ஒரு கதவோடு நிற்கிறதா, எல்லாக் கதவுகளிலும் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. பேச்சு முழுவதும் இதில்தான் தொங்குகிறது. பெயிண்ட் தொழிலில் இதற்கென்று ஓர் எளிய சோதனை உண்டு. ஐ.எஸ்.ஓ. 2409 என்ற உலகத் தரநிலையில் உள்ள குறுக்குக் கோட்டுச் சோதனை அது. கதவின் உட்புறத்தில், கீலுக்குப் பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில், கூரான பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகளும் பலகை தொடும் ஆழத்துக்குக் கீற வேண்டும். இருபத்தைந்து சிறு கட்டங்கள் கிடைக்கும். தூசியைத் தட்டிவிட்டு, நல்ல ஒட்டுடேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். ஒரு கட்டமும் எழாவிட்டால் பிடிப்பு முதல்தரம். கோடுகளின் ஓரத்தில் சிறிது சிதறினால் ஏற்கலாம். கட்டங்கள் முழுசாக டேப்போடு வந்துவிட்டால் அந்தக் கதவை அடியிலிருந்து மீண்டும் செய்தாக வேண்டும். இதை நீங்களாக மட்டும் செய்து படம் அனுப்பினால் ‘நீங்களே கீறிவிட்டீர்கள்’ என்பார்கள். நிறுவனத்தின் ஆள் வரும் நாளில், அவர் கையாலேயே, அவர் தேர்ந்தெடுக்கும் இரண்டு மூன்று கதவுகளில் செய்யச் சொல்லி, கைப்பேசியில் படம் எடுங்கள். மறுத்தால், மறுத்தார் என்பதையும் அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

கூடவே அடித்திருப்பது உண்மையில் பி.யூ. பெயிண்ட்தானா என்பதையும் பார்த்துவிடலாம். மதிப்பீட்டில் பி.யூ. என்று எழுதி, விலை குறைந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரை அடித்துத் தரும் பட்டறைகளும் உண்டு. பஞ்சில் சிறிது என்.சி. தின்னர் நனைத்து, கதவின் உட்புற மூலையில் அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். லேக்கர் கரைந்து பஞ்சு வெள்ளையாகும். எனாமல் சுருங்கிப் பிசுபிசுக்கும். நன்றாக இறுகிய பி.யூ. பெரும்பாலும் அப்படியே இருக்கும். பஞ்சில் வெள்ளை வந்தால் ஒன்று பெயிண்ட் வேறு, அல்லது பி.யூ. இறுகவில்லை. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஓரம் பெயர்ந்த இரண்டு கதவுகளைப் பொறுத்தவரை, உங்கள் பக்கம் அவ்வளவு வலுவானது அன்று. கனமான கிரானைட் பலகையை ஆட்கள் சேர்ந்து தூக்கி வைக்கிற இடத்தில், கீழ்வரிசைக் கதவுகள் அடி வாங்காமல் தப்புவது அரிது. நம் மாவட்டங்களில் கிரானைட் கிடைப்பதில் குறையில்லை; அதைப் பொருத்துகிறவர்களுக்கு அலமாரிக் கதவைப் பற்றிய கவலை இருப்பதில்லை என்பதுதான் குறை. கீழ்ப் பெட்டிகளைப் பொருத்தி, மேடையை அமைத்து, சுவர் வேலையும் முடிந்த பிறகு கதவுகளைக் கடைசியாக மாட்டுவதே சரியான வரிசை. மாடுலர் கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி மாட்டச் சில நிமிடங்களே ஆகும் என்பதால் இதில் யாருக்கும் பெரிய சிரமமில்லை. கதவுகளை முன்கூட்டியே மாட்டச் சொன்னது நீங்களா, அவர்களா என்பது இங்கே முக்கியம். அவர்கள் தாமாக மாட்டி, மறைப்பு எதுவும் போடாமல் போயிருந்தால் பொறுப்பில் அவர்களுக்கும் பங்குண்டு. பெயர்ந்த இடத்தையும் உற்றுப் பாருங்கள். பலகையே நசுங்கி, அதன் பழுப்பு நிறம் தெரிந்தால் அது அடி. பலகை நசுங்காமல் பெயிண்ட் மட்டும் சில்லாகப் பெயர்ந்து, அடியில் பிரைமர் சுத்தமாகத் தெரிந்தால், அடி சிறியது, பிடிப்பின்மையே பெரியது என்று வாதிடலாம்.

சிங்க் கதவு தனிக் கதை. எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நீர் உள்ளே போனால் நார் உப்பும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஆகவே உப்பிய கதவைத் தேய்த்துப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது வீண்வேலை. அந்தக் கதவைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். நீர் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். கதவைக் கழற்றி அதன் அடிவிளிம்பைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால், அங்கே பெயிண்ட் முழுதாக ஏறியிருக்கிறதா என்பது தெரியும். முகப்பையும் பக்க விளிம்புகளையும் அழகாக அடித்துவிட்டு, தரையைப் பார்க்கும் விளிம்பை ஒரு கோட்டோடு விடுவது பலரின் வழக்கம். கீல் பதிக்க எடுக்கும் 35 மி.மீ. குழியின் உட்புறம் வெறும் பலகையாக இருப்பதையும் காணலாம். ஆறு பக்கமும் அடைபடாத எம்.டி.எஃப். கதவைச் சிங்க்கின் கீழ் மாட்டியது அவர்கள் தவறு. மாறாக விளிம்பு நன்றாக அடைபட்டிருந்து, சிங்க்கின் கழிவுக் குழாய் கசிந்து பல நாள் நீர் தேங்கியிருந்தால், அது பிளம்பர் கணக்கு. எப்படியிருந்தாலும் மாற்றுக் கதவை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டிலோ, ஈரம் தாங்கும் ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர். பலகையிலோ கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தப் பாட்டில் பெயிண்ட். அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள். செய்ய முடியாத வேலைக்கு அவரை அனுப்பியிருக்கிறார்கள். பளபளப்பான பெயிண்ட்டில் சிறு பழுதைச் சரிசெய்து, தேய்த்து, மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டு மறைத்துவிடலாம். மேட் பெயிண்ட்டில் அந்த வழி இல்லை. தேய்த்த இடம் பளபளக்கத் தொடங்கிவிடும். மேட் தன்மையைத் தருகிற நுண்தூள் டப்பாவின் அடியில் தங்கக்கூடியது என்பதால், நன்றாகக் கலக்காமல் பாட்டிலில் ஊற்றிய பெயிண்ட்டுக்குத் தொடக்கத்திலேயே வேறு மினுக்கம் வந்துவிடுகிறது. ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து விழும் படலமும் பிரஷ் இழுக்கும் படலமும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. நிறம் துளியும் பிசகாமல் பொருந்தினால்கூட, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது திட்டு தெரியும். அரிசி அளவுக்குக் கீழான சில்லுக்கும், கதவின் உட்புறத்துக்கும் மட்டுமே பிரஷ் பொருந்தும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய பழுதுபார்ப்பு இதுதான். கதவுகளின் உட்புறத்தில் பென்சிலால் எண் இட்டு, கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பெயர்ந்த ஓரங்களை, கார் பழுதுக்குப் பயன்படும் கெட்டியான பாடி ஃபில்லரால் நிரப்ப வேண்டும்; சுவருக்கு வைக்கும் பட்டி கதவு ஓரத்தில் நிற்காது. 320 எண் உப்புத்தாளால் கதவு முழுவதையும் மங்கலாகும்படி தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, ஒரு முகப்பு முழுவதையும் விளிம்புவரை ஒரே ஓட்டமாக ஸ்ப்ரே செய்ய வேண்டும். ஒரே வரிசையில் அருகருகே நிற்கும் கதவுகளை ஒரே கலவையில், ஒரே நாளில் அடிக்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டு வெள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று உங்களைத் தினமும் உறுத்தும். சோதனையில் கட்டங்கள் முழுசாக எழுந்த கதவுகளுக்கு இதுவும் போதாது. பிடிக்காத படலத்தின் மேல் எத்தனை கோட்டு அடித்தாலும் அடிப்படலத்தோடு சேர்ந்தே அதுவும் உரியும். அவற்றைப் பலகை வரை சுரண்டியெடுக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலியைப் பார்த்தால் புதுக் கதவே மலிவு என்று அவர்களே சொல்வார்கள்.

‘கதவுகளைக் கொண்டுபோக வண்டிச் செலவாகும், வீட்டிலேயே ஸ்ப்ரே அடித்துத் தருகிறோம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பி.யூ. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆவியும் துகளும் மூச்சுக்குழாயைப் பாதிப்பவை; சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியவை. பட்டறையில் அடிப்பவருக்கும் அதற்குரிய முகக்கவசம் வேண்டும், கட்டிய கைக்குட்டை போதாது. தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது. கேஸ் அடுப்பு உள்ள அறையில் அதைத் தெளிப்பது விபத்தை வரவழைப்பதாகும். மேலும், சமையலறைத் தூசியும் ஈயும் ஈரப் பெயிண்ட்டில் வந்து ஒட்டும்.

கதவுகள் திரும்பி வந்த பிறகு ஒரு வாரமாவது அவற்றை ஈரத்துணியால் துடைக்காமல், எதையும் ஒட்டாமல், பை எதையும் மாட்டாமல் விடுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்குப் பி.யூ. சில மணி நேரத்திலேயே வந்துவிடும். ஆனால் முழு இறுக்கம் பெற ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும், குளிரிலும் மழையிலும் இன்னும் கூடும். ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் மார்கழியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் இரண்டு வாரம் என்றே கணக்கிடுவது நல்லது.

பாக்கித் தொகையைப் பற்றி: முழுவதையும் நிறுத்தி வைத்தால் ‘பணம் தராததற்குக் குறை சொல்கிறார்கள்’ என்ற பேச்சு எழும், முழுவதையும் கொடுத்துவிட்டால் அதன் பிறகு கைப்பேசியை யாரும் எடுக்க மாட்டார்கள். குறையில்லாத பெட்டிகள், இழுப்பறைகள், கீல்கள் ஆகியவற்றுக்குரிய பங்கைக் கொடுத்து, கதவுகளைத் திரும்பச் செய்ய ஆகக்கூடிய தொகையை மட்டும் நிறுத்தி, எந்தக் கதவுக்கு எதற்காக நிறுத்துகிறீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். கிரானைட்காரர் இடித்த கதவுக்கு ஆகும் செலவை நீங்களே ஏற்பதாக அதே கடிதத்தில் எழுதிவிட்டால், மற்றவற்றில் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

கேள்வி: பென்னாகரம் அருகே எங்கள் வீட்டில், ஆசாரியை வைத்தே பிளைவுட்டில் சமையலறை அலமாரி செய்து, கிரீம் நிற எனாமல் அடித்தோம். பால் காய்ச்சிய அன்று உறவினர்கள் கதவுகளில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். மாவிலைத் தோரணத்தைச் செல்லோ டேப்பால் ஒட்டியதில் பசையும் நிற்கிறது. சுவர் பெயிண்ட் வேறு அங்கங்கே தெறித்திருக்கிறது. மறுபடி பெயிண்ட் அடிக்காமல் எடுக்க வழியுண்டா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். எதற்கும் தின்னரைத் தொடாதீர்கள். புது எனாமல் அதில் சுருங்கிவிடும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெதுவாக இறுகுவது, முழு இறுக்கத்துக்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வது. ஆகையால் அடித்து ஒரு மாதம் ஆகவில்லையென்றால், அதுவரை பொறுத்திருந்து கை வையுங்கள்.

சுவரில் அடித்த எமல்ஷன் தண்ணீரில் கலந்த பெயிண்ட். தெறித்த இடத்தில் வெதுவெதுப்பான சோப்புநீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் புள்ளிகள் இளகும், பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் சாய்வாகத் தள்ளினால் பெயர்ந்துவிடும். பிளேடும் இரும்பு நாரும் வேண்டாம். டேப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, பழந்துணியால் உருட்டி எடுத்து, சோப்புநீரால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். எண்ணெய் தங்கினால் பின்னால் டச்சப் செய்யும்போது பெயிண்ட் பிடிக்காது.

மஞ்சள்தான் பலரையும் பயமுறுத்துவது. சோப்பால் துடைத்ததும் மஞ்சள் கறை சிவந்து, பரவியதுபோலத் தெரியும். ஆரத்திக்கு மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே வினைதான் இது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், தண்ணீரால் துடைத்தால் மறுபடி மஞ்சளாகும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. கதவைக் கழற்றி, கறை பட்ட பக்கம் வெளிச்சம் படும்படி சில நாட்கள் காலை வெயிலில் வைத்தால் கறை தானாக வெளுக்கும். உச்சிவெயிலில், அதுவும் தருமபுரிச் சித்திரை வெயிலில், படுக்க வைத்தால் பிளைவுட் வளையலாம். ஆகையால் காலை வெயிலே போதும். குங்குமத்தைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் அது எனாமலுக்குள் இறங்கிவிடும், வெயிலுக்கும் முழுதாகப் போகாது. அந்தக் கதவை மட்டும் 400 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, கறை மேலே எழாமல் தடுக்கும் பிரைமர் ஒன்று அடித்து, முகப்பு முழுவதற்கும் ஒரு கோட்டு எனாமல் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அடுத்த முறை நிலைப்படியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: வெள்ளை எனாமல் அடித்த அலமாரியின் வெளிப்புறம் அப்படியே இருக்க, கதவின் உட்புறம் மட்டும் மஞ்சளித்துவிட்டது. மட்டமான பெயிண்ட் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: இல்லை. எண்ணெய் வகை எனாமல் இருட்டில் மஞ்சளிக்கும், அது அதன் இயல்பு. கதவைச் சில நாள் திறந்து வைத்தால் ஓரளவு வெளுக்கும், மூடினால் திரும்ப மஞ்சளிக்கும். உட்புறத்துக்குத் தண்ணீரில் கலக்கும் எனாமல் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. பழையதன் மேல் நன்றாகத் தேய்த்துப் பிரைமர் அடித்த பின் அதை அடிக்கலாம்.

கேள்வி: பளபளப்பான சாம்பல் நிற பி.யூ. கதவில் குக்கர் மூடி உரசிக் கோடு விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டால் போகுமா?
– ஒரு வாசகர், ஒசூர்

பதில்: நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் மறைந்துவிடும். ஓர விளிம்புகளில் மட்டும் தேய்க்காதீர்கள். அங்கே படலம் மெல்லியது, அடி தெரிந்துவிடும். நகம் தட்டினால் அது பட்டறை வேலை. சிலிகான் கலந்த பாலிஷைத் தவிர்க்கவும். பிற்காலத்தில் அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், பெயிண்ட் பிடிக்காமல் மீன்கண் போன்ற குழிகள் விழும்.

கேள்வி: எங்களுக்கும் பெங்களூர் நிறுவனம்தான் வேலை செய்தது. கதவுகள் எல்லாம் உரிகின்றன. இப்போது கைப்பேசியையே எடுப்பதில்லை. ரசீதின் அடியில் ‘வழக்குகள் பெங்களூரு நீதிமன்றத்துக்கு உட்பட்டவை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வழக்குப் போட அங்கேதான் போக வேண்டுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டியதில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகாரைத் தாக்கல் செய்யலாம் என்கிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்துக்கோ போக வேண்டியிருந்தது. ரசீதில் உள்ள அந்த ஒரு வரியைப் பார்த்துப் பின்வாங்காமல், உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே புகாரை எழுதுங்கள்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பாருங்கள், தமிழிலேயே பேசலாம். பெயரைக் காத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. அதில் பயனில்லையென்றால், குறைகளைக் கதவு வாரியாக எழுதி, சரிசெய்ய 15 நாள் அவகாசம் கொடுத்து, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆணையத்திலும் நீங்களே வாதாடலாம். வேலைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. மதிப்பீடு, ரசீது, வங்கியில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், உரிந்த இடங்களின் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். டார்ச் விளக்கைக் கதவுக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்து எடுத்த படங்களில்தான் உப்பலும் உரிதலும் தெளிவாகத் தெரியும்.

ஆணையம் கேட்டால் காட்டுவதற்குக் கதவு இருக்க வேண்டும். பொறுமையிழந்து வேறு பெயிண்டரை வைத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பிறகு செலவைக் கேட்டு வருகிறவர்கள் பலர். குறையை நிரூபிக்க அவர்களிடம் பழைய படங்களைத் தவிர எதுவும் இருப்பதில்லை. ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், தான் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பிப் பார்வையிடவும் செய்யலாம். சமையலறையை அப்படியே விட முடியாது என்ற நிலை வந்தால், மிக மோசமாக உரிந்த இரண்டு கதவுகளையாவது கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, மற்றவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். சரிசெய்த செலவுக்கும் ரசீது வாங்குங்கள். புகாரை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கும்போது இந்தக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், பெயிண்ட் முதலில் உரிந்த தேதியை ரசீதின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.